அமாவாசைக்கு அகப்படாதவர்

வானியலைத் தொழிலாகக் கொண்டவர் இரவெல்லாம் தொலைநோக்கியில் கண் பதித்து வானை அளக்கிறார் என்று ஊரார் நம்பிக்கொண்டிருக்க, அவரோ அதன் வழியே கண்ணால் எதையும் கண்டு பல ஆண்டுகள் ஆகியிருக்கும். ஒளியைப் பிடிப்பது சிசிடி என்னும் மின்னணு உணர்கருவி. அது தரும் எண்களைப் பைதான் நிரல் எழுதிப் பிரித்தறிவதிலேயே அவருடைய பகல்கள் கழிகின்றன. மொட்டைமாடியில் குழந்தைகள் ஒரு விண்மீனைக் காட்டிப் பெயர் கேட்டால், எங்கோ தொலைவிலுள்ள கேலக்ஸியின் நிறமாலையை, அதாவது அதன் ஒளி அலைநீளவாரியாகப் பிரிந்து கிடக்கும் பட்டையை, மனப்பாடமாக அறிந்த அவ்வறிஞர் கைபேசிச் செயலியை மெல்லத் திறப்பார்.

இந்நிலையை எய்த அவர் இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்று, ஜெஸ்ட், நெட் போன்ற தேர்வுகளைக் கடந்து, ஐந்தாறு ஆண்டுகள் முனைவர் ஆய்வு செய்து, அதன்பின் பின்முனைவர் ஆய்வு எனப்படும் குறுகிய ஒப்பந்தப் பணிகளுக்காக நாடுவிட்டு நாடு போயிருக்கிறார். உடன் படித்தவர்கள் வீட்டுக்கடனில் பாதியை அடைத்துவிட்ட வயதில் இவர் பரிந்துரைக் கடிதம் கேட்டுக்கொண்டிருப்பார்.

தொலைநோக்கியும் கேட்டவுடன் கிடைப்பதன்று. ஜவ்வாது மலைக் காவலூரில் உள்ள 2.34 மீட்டர் வைனு பாப்பு தொலைநோக்கியானாலும், லடாக்கின் ஹான்லேயில் ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் நின்று பெங்களூருக்கு அருகிலிருந்து செயற்கைக்கோள் வழியே இயக்கப்படும் இமாலய சந்திரா தொலைநோக்கியானாலும், நேர ஒதுக்கீட்டுக் குழுவுக்கு ஆய்வுத் திட்டம் எழுதி மன்றாடியே சில இரவுகளைப் பெறவேண்டும். பெற்ற இரவிலும், உணர்கருவியின் புள்ளிகளுக்கிடையே இருக்கும் ஏற்றத்தாழ்வை அறிய வெறும் அந்திவானத்தையும், கருவியின் சொந்த இரைச்சலைக் கழிப்பதற்காக மூடியைத் திறவாமலே இருட்டையும் படமெடுக்கிறார். இவ்வாறு ஒன்றுமில்லாததை முறைப்படி பதிவுசெய்து முடித்து உரிய கேலக்ஸியின் பக்கம் திரும்பும் நேரத்தில் மேகம் வந்துவிடும். குழுவின் முடிவுக்காவது அடுத்த பருவம் உண்டு. மேகத்தின்மேல் முறையீடு இல்லை.

மங்கலான பொருள்களை ஆய்பவர்களுக்கு நிலவொளி பகை என்பதால், அமாவாசையை ஒட்டிய இரவுகளுக்கே அவர்களிடையே போட்டி மிகுதி. பௌர்ணமி, பிரகாசமான விண்மீன்களை ஆய்வோருக்குப் போய்ச்சேரும். ஆகவே மங்கலானவற்றை ஆய்பவருக்குப் பெண் கொடுக்க எண்ணுவோர் பஞ்சாங்கத்தோடு தொலைநோக்கியின் நேரப் பட்டியலையும் பார்த்து, முகூர்த்தத்தை வளர்பிறையின் கடைசி நாட்களில் வைத்துக்கொள்வது நலம். காவலூர்க்காரராயின் ஐப்பசி மழையில் வைக்கலாம். அப்போது மாப்பிள்ளைக்கு எந்த இரவும் ஒழிவுதான்.