முனிர்கா நந்தவனம்

டெல்லியின் முனிர்கா கிராமத்துச் சந்துகளில் எதிர்வீட்டுக்காரர் கையை நீட்டினால் நம் ஜன்னலைச் சாத்திவிடலாம். பால்கனித் தோட்டத்துக்கு இதைவிடத் தோதான இடம் ஏது? ஒரு குரோட்டன்ஸ் வைத்தால் இரண்டு வீட்டுக்கு அழகு. வெயில் படாதே என்பார்கள். படாததால்தான் இலை கருகாது. காற்று வராதே என்பவர்களுக்கு ஒரு தகவல்: செடிகள் காற்றைச் சுத்தம் செய்வதாக 1989-இல் நாசா கண்டது, காற்றுப் புகாத பெட்டிக்குள்தான். அந்தப் பெட்டி இங்கே மாத வாடகைக்கே கிடைக்கிறது. குளிர்காலத்தில் காற்றுத்தரக் குறியீடு 400-ஐத் தாண்டும்போது சிவப்பிலை, மஞ்சளிலை எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிச் சமத்துவமும் மலரும்.

கண்ணைக் கவரும் செடிதான் வேண்டுமென்றால் அரசைப் பின்பற்றலாம். 2023-இல் ஜி20 கூட்டத்துக்காகப் பக்கத்துக் குருகிராமில் சாலையோரம் பூந்தொட்டிகளை அடுக்கினார்கள். சொகுசுக் காரில் வந்தவர்கள் பட்டப்பகலில் அவற்றைக் கவர்ந்து சென்றார்கள். ஒருவர் கைதானார்.