மூலைச் செங்கல்

கேமரா லென்ஸ் வாங்குவதில் அவசரமே கூடாது. துளை எண் 1.8-ஆ, 1.2-ஆ என்று மாதக்கணக்கில் தவம் கிடப்பவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். நிக்கான் இசட் வரிசையில் 50 மி.மீ. 1.8 லென்ஸ் 415 கிராம், 1.2 லென்ஸ் 1,090 கிராம். வெளிச்சம் இரண்டேகால் மடங்கு, எடை இரண்டரை மடங்குக்கும் மேல். கழுத்துவலி இலவசம். 2019-இல் வந்த 0.95 நாக்ட் லென்ஸ் இரண்டு கிலோ, ஆட்டோஃபோகஸ் கிடையாது. அவ்வளவு காசு கொடுத்தவருக்குக் கையால் திருகும் பாக்கியமாவது வேண்டாமா?

வாங்கியதும் முதல் வேலை, செங்கல் சுவரைப் படமெடுப்பது. மனிதர்கள் அசைவார்கள், கண்ணை மூடுவார்கள். சுவர் ஒத்துழைக்கும். பிறகு 400 சதவீதம் பெரிதாக்கி, இடது கீழ்மூலைச் செங்கல் கூர்மையா என்று சோதிக்க வேண்டும். மணமகள் அந்த மூலையில் நிற்கமாட்டாள்தான், நின்றுவிட்டால்? புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெஸோன் பெரும்பாலும் ஒரே 50 மி.மீ.யை வைத்துக்கொண்டு உலகம் சுற்றினார். சுவர் பார்க்க நேரமில்லாத மனிதர், பாவம்.

ஒருவழியாக, முகத்தின் மயிர்க்கால்களை எண்ணுமளவு கூர்மை நம்மவருக்குக் கைகூடியது. அன்றைக்கே அடுத்த சாமானுக்கு ஆர்டர் போட்டார்: படத்தை லேசாக மங்கலாக்கும் மிஸ்ட் ஃபில்டர். கால் அளவா, அரைக்கால் அளவா என்று இப்போது ஆராய்ச்சி. சுவர் தயாராக இருக்கிறது.