ஒரே தேதியில் பிறத்தல்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

தினசரிக் காலண்டர்த் தாளில் ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், அதற்குப் பரிகாரம் வெல்லமா பாலா என்பதுவரை எல்லாம் உண்டு. அந்தத் தேதிக்கு எத்தனை பேர் உரிமை கொண்டாடுகிறார்கள் என்பது மட்டும் இல்லை. பிப்ரவரி 29-ஐயும் சேர்த்தால் மொத்தம் 366 கட்டங்கள். போர், பட்டாபிஷேகம், பிறப்பு, இறப்பு, மாவட்டப் பிரிப்பு யாவும் இவற்றுக்குள்தான் இடம்பிடித்தாக வேண்டும். ஆகவே நெரிசல் இயல்பு. நெரிசலைக் கண்ட மனிதன் அதைப் பொருத்தம் என்கிறான். அப்பொருத்தத்தை உரசிப் பார்ப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

2. முதற்சான்று: பெரம்பலூர்

பெரம்பலூர், பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்து 1995 நவம்பர் 1-ல் தனி மாவட்டமானது. 1956-ல் இதே தேதியில்தான் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன; கேரளம் அன்று பிறந்தது. 1966-ல் ஹரியாணாவும், 2000-ல் சத்தீஸ்கரும் இத்தேதியையே பிடித்தன. 1973-ல் ஐஸ்வர்யா ராய் பிறந்ததும் நவம்பர் 1. எனவே பெரம்பலூருக்கும் உலக அழகிக்கும் தொடர்பு உண்டோ எனின், உண்டு. கட்டம் ஒன்று என்பதே அத்தொடர்பு.

3. இரண்டாம் சான்று: அரியலூர்

அரியலூரின் ஜாதகம் சிக்கலானது. 2001 ஜனவரி 1-ல் மாவட்டமாகப் பிறந்தது. 2002 மார்ச் 31-ல், நிதியாண்டுக் கணக்கை முடிக்கும் நாளில், பெரம்பலூரோடு மறுபடி சேர்க்கப்பட்டது. 2007 நவம்பர் 23-ல் மீண்டும் பிறந்தது. ஆக, பிறந்த நாள் இரண்டு.

இதில் வியக்க ஏதுமில்லை. நம் பெரியவர்கள் பலருக்கும் இரண்டுதான்: அம்மா சொல்வது ஒன்று, சர்டிஃபிகேட் சொல்வது ஒன்று. அக்காலத்தில் பள்ளியில் சேர்க்கும் நாளில் பையனின் வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது. தேதி? ஹெட்மாஸ்டர் பேனா எங்கே நின்றதோ அது. மே, ஜூன் கட்டங்களில் ஒரு தலைமுறையே முண்டியடித்து நிற்பதன் மர்மம் இதுவே.

நவம்பர் 23-க்கு வருவோம். எழுத்தாளர் நிரத் சௌத்ரி (1897), உவமைக் கவிஞர் சுரதா (1921), சத்ய சாய் பாபா (1926) ஆகியோர் பிறந்த நாள். விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ் மறைந்த நாள் (1937).

இன்னொன்றும் உண்டு, அதை விளையாட்டாகச் சொல்ல முடியாது. 1956-ல் இதே நாள் விடியற்காலையில், அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளம் அரித்த பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். நாடே 'அரியலூர்' என்ற பெயரைத் தெரிந்துகொண்ட தேதியும், அரியலூர் மீண்டும் மாவட்டமான தேதியும் ஒன்று; இடைவெளி 51 ஆண்டு. இதற்குள் விதியைத் தேடுவோர் தேடலாம். இறந்தவர்களின் வீடுகளில் அந்தத் தேதிக்கு ஒரே பொருள்தான்; பிற பொருத்தங்கள் அவர்களுக்கு வேண்டியிருக்காது.

4. கணக்கு

23 பேர் ஓரிடத்தில் கூடினால், அவர்களில் இருவருக்காவது ஒரே பிறந்த தேதி இருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு. பிப்ரவரி 29-ஐ விட்டு 365 கட்டங்கள் எனக் கொண்டால், சரியாக 50.7 விழுக்காடு. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டமே போதும். நவம்பர் 23-ஐ ஆராயப் போன இடத்தில் கணக்கும் 23 என்றே வந்தது கண்டு இவ்வாய்வாளர் புளகாங்கிதம் அடைந்தார்.

5. மறுப்பும் விடையும்

தேதி என்பதே வெள்ளைக்காரன் ஏற்பாடு, நமக்கு நட்சத்திரமே கணக்கு என்பாரும் உளர். கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழனுக்கு இன்றும் ஆடித் திருவாதிரைதான் பிறந்த நாள். ஏற்கிறோம். ஆனால் நட்சத்திரம் 27 மட்டுமே. அங்கே ஏழு பேர் கூடினாலே பாதிக்கு மேல் வாய்ப்பு. நெரிசல் குறையவில்லை, கூடிற்று. போதாக்குறைக்கு, 2025-ல் அவ்விழா ஜூலை 23-ல் தொடங்கி 27-ல் முடிந்தது. 23-ம் வந்தது, 27-ம் வந்தது. தேடுகிறவனுக்கு எண்கள் ஒருபோதும் துரோகம் செய்வதில்லை.

6. முடிவுரை

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர் கல்மரத்துக்கு வயது சுமார் 12 கோடி; தேதி இல்லை. அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் கிடைக்கும் அம்மோனைட்டுகளும் பதிவின்றியே பிறந்தவை. ஓமனில் கிடைத்த 7 கோடி ஆண்டுப் பழைய சிப்பி ஒன்றின் வளர்ச்சிக் கோடுகளை எண்ணிய அறிஞர்கள், அன்று பூமி வேகமாகச் சுழன்றதால் ஆண்டுக்கு 372 நாள் என்கிறார்கள். 365-ஐ விடக் கட்டங்கள் ஏழு கூடினவே, நெரிசல் தீர்ந்ததா? கணக்கிட்டோம். அப்போதும் 23 போதும், 50.06 விழுக்காடு, மயிரிழையில் தேறுகிறது. அம்மோனைட்டுகள் காதைத் தொட்டுக் காட்ட இயலாதவை ஆகையால், அவற்றின் பிறந்த தேதியை எந்த ஹெட்மாஸ்டர் நிர்ணயிப்பது என்பது மேலாய்வுக்குரியது.