சொந்த வீடும் எல்.கே.ஜி.யும்: ஓசூர்வாசிகளுக்குச் சில யோசனைகள்

முதலில் மனை வாங்குங்கள். பாகலூர் ரோடு, ராயக்கோட்டை ரோடு, தேன்கனிக்கோட்டை ரோடு, எதில் போனாலும் கலர் கலராய்க் கொடி நட்டு, நிழற்குடைக்குக் கீழே ஒருவர் உட்கார்ந்திருப்பார். "ஏர்போர்ட் வருது சார்" என்பார். நம்புங்கள். 2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்திலேயே அறிவித்துவிட்டார்கள்: 2,000 ஏக்கர், வருஷத்துக்கு 3 கோடி பயணிகள். பெங்களூரு விமான நிலையத்திலிருந்து 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை புதிதாய் இன்னொன்று வரக்கூடாது என்று ஒப்பந்தம் இருப்பதைக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். உங்கள் கடன் 2033-க்கு அப்புறமும் ஓடும். முதல் விமானம் இறங்கும்போது மொட்டை மாடியில் நின்று கையசைக்க நீங்கள் கட்டாயம் இருப்பீர்கள்.

பத்திரப் பதிவுக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இதைக் கையிலிருந்து கட்ட வேண்டும். கையில் இல்லாவிட்டால் மனைவியின் கையில் வளையல் இருக்கிறதா பாருங்கள்.

அடுத்தது வீட்டுக் கடன். இங்கே முக்கியமான யோசனை, பேங்கிலிருந்து வரும் எந்தக் குறுஞ்செய்தியையும் படிக்காதீர்கள். படித்தால் தூக்கம் போகும். ஓர் உதாரணம் சொல்கிறேன். 2021-இல் 6.75 சதவீத வட்டியில் 30 லட்சம், 20 வருஷத்துக்கு வாங்கியவருக்கு மாதத் தவணை 22,811 ரூபாய். 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் பேங்க் ரெப்போ வட்டியை 4-லிருந்து 6.5 ஆக்கியது. இவருடைய வட்டியும் 9 சதவீதத்துக்குப் போனது என்று வையுங்கள். அப்போது அசல் பாக்கி 29 லட்சம் என்றால் மாத வட்டி மட்டும் 21,750. மிச்சம் 1,061 ரூபாய்தான் அசலில் கழியும். தவணைத் தொகையில் ஒரு ரூபாயும் ஏறவில்லையே என்று இவர் சந்தோஷமாக இருப்பார். தொகை ஏறாததற்குக் காரணம், பேங்க் மாதங்களை ஏற்றிவிட்டது. 9 சதவீதமே நீடித்தால் பாக்கியைக் கட்டி முடிக்க இன்னும் 34 வருஷம் ஆகும். வாங்கும்போது இவருக்கு வயது 35 என்றால், 70 தாண்டியும் ஈ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருப்பார். ரிட்டயர்மெண்ட் கிராஜுவிட்டி எதற்கு இருக்கிறது?

தேதி விஷயத்திலும் தைரியம் வேண்டும். மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்தால் போதும் என்கிறது சட்டம். ஈ.எம்.ஐ. 5-ஆம் தேதி. இந்த இரண்டு நாள்தான் சிப்காட் தொழிற்பேட்டையில் குடும்பஸ்தன் யார், பேச்சிலர் யார் என்று காட்டிக்கொடுக்கும். டீக்கடையில் போனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர் குடும்பஸ்தன். தவணைத் தேதியை 10-க்கு மாற்றிக் கொடுங்கள் என்று பேங்கில் எழுதிக் கேட்கலாம்தான். கேட்டால் கொடுத்துவிட்டார்கள் என்றால் அந்த இரண்டு நாள் விறுவிறுப்பு போய்விடும்.

இனி பிள்ளை. கடனுக்கு இரண்டு சம்பளம் காட்டித்தானே கையெழுத்துப் போட்டீர்கள்? ஆகவே இரண்டு பேரும் வேலைக்குப் போக வேண்டும். ஷிஃப்டை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டால் யாராவது ஒருவர் வீட்டில் இருப்பார்கள் என்று கல்யாணமாகாத சூப்பர்வைசர் யோசனை சொல்வார். கேளுங்கள். உங்கள் துணை நைட் ஷிஃப்ட், காலை 6 மணிக்கு முடிகிறது. நீங்கள் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், காலை 6 மணிக்கு ஆரம்பிக்கிறது. கம்பெனி பஸ் ஐந்தேகாலுக்கே வந்துவிடும். அவர் இறங்கி வீடு சேர ஆறேமுக்கால். நடுவில் ஒன்றரை மணி நேரம் பிள்ளை யாருடையது? மேல்வீட்டு ரெட்டியாரம்மாவுடையது. பாதித் தூக்கத்தில் போர்வையோடு தூக்கிக் கொடுத்துவிட்டு, பால் புட்டியை அவர் படிக்கட்டில் வைத்துவிட்டு ஓடுங்கள். வீட்டில் உங்களோடு தமிழ், படிக்கட்டில் அவரோடு தெலுங்கு, கீழ்வீட்டுப் பையனோடு கன்னடம் என்று மூன்று வயதுக்குள் மும்மொழி முடிந்துவிடும். இதற்கு எந்த நர்சரியும் தனியாக ஃபீஸ் கேட்டிருக்கும்.

கம்பெனியில் காப்பகம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை பார்த்தால் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இடம் வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைகள் சட்டம் எழுதி வைத்தது. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, ஆண், பெண் சேர்த்து 50 பேர் வேலை பார்த்தாலே காப்பகம், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றார்கள். கான்வேயர் ஓடிக்கொண்டிருக்கும்போது நான்கு முறை எழுந்து போகும் ஆபரேட்டரை நான் பார்த்ததில்லை. இந்த ஊருக்கு ஆலை வந்தபோது நிலம், தண்ணீர், கரண்ட், ரோடு என்று எல்லாவற்றுக்கும் வரைபடம் போட்டார்கள். வேலைக்கு வருகிறவளுக்கு இடுப்பில் ஒரு பிள்ளை இருக்கும் என்பது யாருடைய வரைபடத்திலும் விழவில்லை. பாட்டி என்று ஒரு ஏற்பாடு நாட்டில் இருக்கும்வரை விழவும் விழாது.

ஆகவே பாட்டியை வரவழையுங்கள். அரூரிலோ ஊத்தங்கரையிலோ ஒரு பசு மாட்டோடும் நூறு நாள் வேலை அட்டையோடும் நிம்மதியாக இருப்பார். போனில் இப்படிப் பேச வேண்டும்:

"அம்மா, ஊர்ல தனியா கெடந்து என்ன பண்ணப் போற? இங்க வந்து பேரனப் பாத்துக்கிட்டு ராணி மாதிரி இரு."

"மாட்ட யாருடா பாக்கறது?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பேரன் கையில் போனைக் கொடுத்துவிடுங்கள். மாடு அடுத்த சந்தையில் போய்விடும். அந்தப் பணம் டேர்ம் ஃபீஸுக்கு ஆகும்.

பள்ளிக்கூடம் என்றதும் சிலர் அரசுப் பள்ளி என்று ஆரம்பிப்பார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். அங்கே ஃபீஸ் இல்லை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, அடுத்த வருஷமே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்த திட்டத்தில் காலைச் சிற்றுண்டி வேறு போடுகிறார்கள். மதியம் முட்டையோடு சாப்பாடு. அதாவது காலையில் சமைக்காமலே ஷிஃப்டுக்கு ஓடலாம். இவ்வளவு வசதியை வைத்துக்கொண்டு உறவுக்காரர் கல்யாணத்தில் எப்படித் தலை நிமிர்ந்து நிற்பது? கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் 25 சதவீத இடம் இருக்கிறதே என்றால், நலிவடைந்த பிரிவுக்கு வருமான வரம்பு வருஷத்துக்கு 2 லட்சம். அந்தச் சம்பளத்துக்கு 30 லட்சம் கடன் கொடுக்கும் பேங்க் இன்னும் பிறக்கவில்லை.

கர்நாடக எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை நிதானமாக முடிவு செய்யுங்கள். அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம் கட்டாயம், ஜூஜூவாடிக்கு இப்பால் பத்தாவது வரை தமிழ் கட்டாயம். பொம்மசந்திரா வரை 2025 ஆகஸ்டில் மெட்ரோ வந்தாயிற்று, அந்தப் பக்கமே வேலை மாறிக்கொள்ளலாம் என்று உங்கள் துணை சொல்வார். அப்புறம் எல்.கே.ஜி. ஃபீஸோடு பெங்களூரு டிராஃபிக்கையும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும்.

வரியில் சலுகை உண்டு, கவலை வேண்டாம். பழைய முறையில் இருந்தால் டியூஷன் ஃபீஸையும் வீட்டுக் கடன் அசலையும் வரிக் கழிவில் காட்டலாம், பி.எஃப்., எல்.ஐ.சி. எல்லாம் சேர்த்து உச்சவரம்பு ஒன்றரை லட்சம். வேன், யூனிஃபார்ம், காப்பகம் எதுவும் அதில் வராது. 1962-ஆம் வருட வருமான வரி விதிகளில் பிள்ளைகளின் படிப்புப் படிக்கு என்றே தனி விலக்கு இருந்தது: பிள்ளைக்கு மாதம் 100 ரூபாய், இரண்டு பிள்ளை வரை. பேருந்து நிலையத்தில் இரண்டு பேர் நெய் ரோஸ்ட் சாப்பிட்டால் பற்றாது. நீங்கள் புதிய முறைக்கு மாறியிருந்தால் இந்தத் தலைவலியும் இல்லை. குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்கும் கழிவு கிடையாது.

விளையாட்டு போதும். ஒரு கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டு முடிக்கிறேன். மேலே சொன்ன அதே 29 லட்சத்துக்குத் தவணையை 3,000 ரூபாய் ஏற்றிக் கட்டியிருந்தால், 34 வருஷம் 21-க்குள் வந்துவிடும். தவணையை ஏற்றவா, மாதத்தை நீட்டவா என்று பேங்க் உங்களைக் கேட்டாக வேண்டும் என்பது ரிசர்வ் பேங்கின் 2023 ஆகஸ்ட் 18 உத்தரவு. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனில் அசலை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. தீபாவளி போனஸில் பாதியை அங்கே தள்ளலாம். 2025-இல் ரெப்போ 5.25 வரை இறங்கியது. உங்கள் வட்டியும் இறங்கியதா, இறங்கியிருந்தால் மாதம் குறைந்ததா என்று கேளுங்கள். இன்னும் எத்தனை தவணை பாக்கி என்பதை எழுத்தில் வாங்குங்கள், வாயில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரத்தில் போனால் லீவு போட வேண்டியதில்லை. இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள், பேங்க் லீவு.