கொல்லை முருங்கைக்குக் கோயம்பேட்டுச் சுங்கம்

கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் சிட்கோ தலைமையகம் இருக்கிறது. சிறு தொழிலைக் கைபிடித்து நடத்திச் செல்ல அரசு பெற்றெடுத்த நிறுவனம். இன்று அதே கட்டடத்தில்தான் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் இருக்கிறது. 2021 அக்டோபரில் இந்த ஆணையம் போட்ட உத்தரவில்தான் ‘நெட்வொர்க் கட்டணம்’ கூரைக்கு ஏறியது. தொழிலாளிக்காகத் தொண்டை கிழியப் பேசிய திரு.வி.க.வின் பெயரைத் தாங்கிய பேட்டைக்கு என்ன ஒரு மரியாதை!

பட்டறைக்காரர் தன் கூரையில் தன் காசில் சோலார் பேனல் போடுகிறார். உச்சி வெயிலில் விளைகிற கரன்ட் சுவரோரமாக இறங்கி, இருபதடி தள்ளியிருக்கும் லேத்துக்குள் போய்ச் சேர்கிறது. மின்வாரியத்தின் கம்பி தெருவில் காக்கையைத் தாங்கிக்கொண்டு சும்மா தொங்குகிறது. ஆனாலும் பேனல் எத்தனை யூனிட் ஈன்றது என்று எண்ண ஒரு மீட்டர், எண்ணியதற்கு அந்த நெட்வொர்க் கட்டணம். 2023-இல் யூனிட்டுக்கு 1 ரூபாய் 53 காசு வரை போனது. கொல்லையில் பறித்த முருங்கைக்காய் கோயம்பேடு வழியாக வராமல் சாம்பாரில் விழுந்துவிட்டதாம், அதற்குச் சுங்கம்!

“ராத்திரியானால் எங்கள் லைன்தானே?” என்கிறது வாரியத் தரப்பு. சரி. லைன் காத்து நிற்பதற்குத்தானே கிலோவாட் கணக்கில் நிலைக்கட்டணம்? 50 கிலோவாட்டைத் தாண்டிய சிறு தொழிலுக்கு 35 ரூபாயாக இருந்ததை 2022 செப்டம்பரில் 150 ஆக்கினீர்களே, அது லைன் நிற்பதற்கா, உட்கார்வதற்கா?

இலக்குகளுக்கு மட்டும் குறைச்சலே இல்லை. 2012 சூரிய மின்கொள்கையில் 2015-க்குள் 3,000 மெகாவாட். 2019 கொள்கையில் 2023-க்குள் 9,000. அதில் 40 சதவீதம் நுகர்வோர் கூரையிலிருந்து வருமாம். ஆட்சி மாறும், அட்டைப்படம் மாறும், கூரை மொட்டையாகவே இருக்கும். வீட்டுக்காரருக்கு ‘வாங்க வாங்க, 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம்’ என்று டெல்லி விளம்பரம். அடுத்த தெருப் பட்டறைக்காரருக்கு அபராதம். இரண்டு கூரைக்கும் ஒரே சூரியன்தான் ஐயா.

2023 செப்டம்பர் 25 அன்று மின்கட்டணத்தை எதிர்த்து மாநிலம் முழுக்கச் சிறு தொழிற்சாலைகள் ஷட்டரை இழுத்து மூடின. அந்தப் போராட்டச் சூட்டில் நெட்வொர்க் கட்டணத்தைப் பாதியாக்குவதாக அரசு அறிவித்தது. பிக்பாக்கெட்காரன் பர்ஸில் பாதியைத் திருப்பிக் கொடுத்தால் கும்பிடுவோமே, அப்படிக் கும்பிட வேண்டுமென்று எதிர்பார்ப்பு வேறு.

போன மே மாதம் இதே கிண்டிப் பேட்டையில் தெரிந்தவர் பட்டறைக்குப் போயிருந்தேன். மணி ஒன்று. வெயில் தகரத்தைப் பிளக்கிறது. பட்டென்று கரன்ட் போயிற்று. லேத் முனகி நின்றது. மேலே பேனல் பளபளக்கிறது, கீழே கும்மிருட்டு. லைன் செத்தால் இந்த வகை இன்வெர்ட்டரும் தானே செத்துவிடும். கம்பத்தில் ஏறுகிற லைன்மேனின் உயிர்க்காவல் அது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் லைன் வேலை செய்யாத நேரத்துக்கு வாரியம் நமக்குக் கட்டணம் தருவதாக எந்த உத்தரவிலும் நான் படிக்கவில்லை.

முக்கால் மணி கழித்துக் கரன்ட் வந்தது. இன்வெர்ட்டர் மட்டும் எழவில்லை. வோல்டேஜ் நிதானமா என்று சில நிமிடம் பார்த்துவிட்டுத்தான் பச்சை விளக்கைப் போட்டது. பட்டறைக்காரர் கைக்கறையை வேஸ்ட் துணியில் துடைத்தார்.

“இது ஒண்ணுதான் சார் இந்தப் பேட்டையில ஒழுங்குமுறையா நடக்குது.”