நாயக்கர் சொன்னார், டே கேட்டார்

சேலையூர், செம்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர்... தாம்பரத்தைச் சுற்றி எந்தத் தெருவுக்குள் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள். தெருவுக்கு ஒரு "அப்பவே சொன்னாரே" கட்டாயம் இருக்கும். "நம்ம எடம்தானே சார், இந்தச் சந்துல தாராளமா வண்டிய விட்டுக்கங்க" என்று 1985 வாக்கில் ஒரு பெரியவர் சொல்லியிருப்பார். சொன்னவர் இப்போது ஹாலில் சந்தன மாலையோடு சிரித்துக்கொண்டிருக்கிறார். மகன் நியூஜெர்சியிலிருந்து பில்டரும் ப்ளூபிரிண்டுமாக வந்து இறங்கியிருக்கிறார். சந்து இருக்கும் இடத்தில் லிஃப்ட் வரப்போகிறதாம்.

"உங்கப்பா சொன்னாருங்க!" "எழுத்துல இருக்கா?" அவ்வளவுதான். நேற்றுவரை காம்பவுண்டுக்கு மேல் மாறிக்கொண்டிருந்த ரசக் கிண்ணம் இன்றோடு நின்றது.

ரியல் எஸ்டேட் வந்துதான் ஜனங்கள் கெட்டார்கள், அந்தக் காலத்தில் வாக்கு என்றால் வாக்கு என்று நீங்கள் ஒரு பெருமூச்சு விடப்போகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ராஜராஜ சோழனைக் கேட்டுவிட்டு விடலாம்.

ஸ்ரீவிஜய நாட்டு அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எழுப்பினான். 1006 வாக்கில் அதற்கு ஆனைமங்கலம் என்கிற கிராமத்தை ராஜராஜன் தானமாகக் கொடுத்தான். எப்படிக் கொடுத்தான்? வாயால். தென்னாட்டையே கட்டி ஆள்கிற சக்கரவர்த்தி வாயைத் திறந்து "கொடுத்தேன்" என்றால் முடிந்ததல்லவா? இல்லை சார், அப்போதுதான் ஆரம்பம். ராஜா சொன்னதைக் காதில் வாங்குவதற்கு திருவாய்க்கேள்வி என்று ஒரு உத்தியோகம். எழுதுவதற்கு திருமந்திர ஓலை. எழுதியதைச் சரிபார்க்க ஓலைநாயகம். கணக்கில் ஏற்ற வரிப்பொத்தகம். ஒரு வாக்கியம் பேசிய பாவத்துக்கு ஒரு செக்ரடேரியட்டே எழுந்து நடந்தது.

ராஜராஜன் காலமானார். மகன் ராஜேந்திரன் முதல் காரியமாக என்ன செய்தான் என்று தெரியாது. ஆனால் செய்த காரியங்களில் ஒன்று இது: அப்பா சொன்ன தானத்தைச் செப்பேட்டில் வெட்டச் சொன்னான். 21 ஏடுகள், வளையத்தோடு சேர்த்து கிட்டத்தட்ட 30 கிலோ. தஞ்சைப் பெரிய கோயில் கட்டியவரின் வாக்கே கனம் போதாமல் செம்பு சேர்த்து எடை ஏற்ற வேண்டியிருந்தது.

சர்வே இன்னும் பிரமாதம். தானம் கொடுத்த நிலத்தைச் சுற்றி ஒரு பெண் யானையை நடக்கவிட்டார்கள். அது போன வழிதான் எல்லை. பின்னாலேயே கல்லும் கள்ளியும் நட்டுக்கொண்டு வந்தார்கள். பக்கத்து நிலத்துக்காரர் யானைக்குக் குறுக்கே போய் நின்று "அரையடி எங்க பக்கம் வந்துடுச்சு" என்று சொல்லியிருப்பாரா? அதற்குத்தான் யானை. இன்றைக்கு நிலஅளவையர் வெறும் சங்கிலியோடு வருவதால்தான் இத்தனை கேஸ்.

தாம்பரத்துக்கு மேற்கே போனால் மணிமங்கலம். அங்கே ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவரெல்லாம் சோழர் கல்வெட்டு. ஒரு துண்டு நிலம் கொடுத்த விவரம் சொல்ல வந்த கல், அதற்கு முன்னால் ராஜா யாரை எங்கே எப்படி உதைத்தார், எத்தனை யானை பிடித்தார் என்று வரிவரியாக அளந்துவிட்டு, கடைசியில்தான் விஷயத்துக்கு வரும். டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதி வெளிச்சத்தையே மறைப்பது நாம் கண்டுபிடித்த கலை என்று நினைத்திருந்தீர்களா? அந்தக் காலத் தான சாசனங்களுக்கு வேறொரு வழக்கமும் உண்டு. சூரிய சந்திரர் உள்ளவரை இது செல்லும், கெடுப்பவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று முடிப்பார்கள். வாக்கை நம்புகிறவன் எதற்கு ஐயா பசுவை இழுக்கிறான்?

சரி, இப்போது பெரிய வீட்டுச் சண்டைக்கு வருவோம். இந்தச் சென்னை மாநகரமே ஒரு "நீங்கதானே சொன்னீங்க" தகராறில் பிறந்தது.

1639. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆர்மகான் கிளையில் பிரான்சிஸ் டே என்று ஒருவர். அந்த இடம் கட்டுப்படியாகவில்லை. வேறு மனை பார்த்துக்கொண்டே கடற்கரையோரமாக வந்தவர், மதராசப்பட்டினம் என்ற மணல்மேட்டைக் கண்டு மயங்கினார். கப்பல் வியாபாரத்துக்கு இடம் தேடி வந்தவர் தேர்ந்தெடுத்த ஊரில் துறைமுகத்துக்கு உண்டான ஒரு லட்சணமும் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும். ஆளும் சரக்கும் மசுலாப் படகில் அலையோடு மல்லுக்கட்டி, பாதி குளித்துத்தான் கரை சேர வேண்டும். துணி இங்கே மற்ற இடங்களைவிட 20 சதவீதம் மலிவு என்று மேலிடத்துக்குக் காரணம் எழுதினார் டே. சாந்தோமில் அவருக்கு ஒரு காதலி இருந்தாள், அதுதான் காரணம் என்றது ஊர்வாய். ஆபீசுக்கு ஒரு காரணம், ஊருக்கு ஒரு காரணம். மனிதர் நம்ம ஊருக்கு ஏற்ற ஆள்தான்.

நிலத்துக்குச் சொந்தக்காரர் வந்தவாசியிலிருந்து ஆண்ட தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். தம்பி அய்யப்ப நாயக்கர் பூந்தமல்லியில். இவர்களுடைய அக்கம்பக்கத்தைக் கொஞ்சம் பாருங்கள். வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள், தெற்கே சாந்தோமில் போர்த்துகீசியர்கள். ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. நடுவில் காலி மனை. அதில் மூன்றாவதாக ஒரு முரடனைக் குடிவைத்தால் இரண்டு பேரும் அடங்குவார்கள் என்று நாயக்கர் வீட்டில் கணக்குப் போட்டார்கள். பக்கத்து வீட்டுத் தொல்லைக்குப் பயந்து பேச்சிலர்களுக்கு வாடகைக்கு விட்ட முதல் ஹவுஸ் ஓனர் அவர்தான்.

இடத்தைக் கொடுத்ததற்குப் பதிலாக நாயக்கர் என்ன கேட்டார் தெரியுமா? நாடு செழிக்க வேண்டும். நியாயம். பாரசீகத்திலிருந்து நல்ல குதிரைகள், காசு கொடுத்துவிடுவார். அதுவும் நியாயம். கம்பெனிக் கப்பலில் வருஷாவருஷம் ஒரு ஆளை வங்காளத்துக்கு அனுப்பி வல்லூறு, குரங்கு, கிளி வாங்கி வரவேண்டும். என்னது? ஆமாம், கிளி. கடைசியாக, பக்கத்து ஆட்கள் யாராவது வம்புக்கு வந்தால் ஓடி ஒளிய, அங்கே எழும்பும் கோட்டை பலமாக இருக்கவேண்டும். பிற்காலத்தில் பாதித் தென்னிந்தியாவை விழுங்கப்போகிற ஒரு கம்பெனியோடு நடந்த ஒப்பந்தப் பேச்சில் குரங்குக்கு இடம் இருந்தது.

டேயின் காதில் இதெல்லாம் விழுந்ததா தெரியாது. அவர் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: கோட்டையை நாயக்கர் தன் செலவில் கட்டித் தருவார். கையில் வாங்கிய சாசனத்தையும் அப்படியேதான் புரிந்துகொண்டார். ஆகஸ்ட் 22 அன்று சென்னை தினம் என்று கேக் வெட்டுகிறோமே, அது அந்தச் சாசனத்தின் கணக்கில்தான். நடுவில் தெலுங்கு, இங்கிலீஷ், மொழிபெயர்க்கிற துபாஷி, சைகை. இவர் சொன்னது ஒன்று, அவர் கேட்டது ஒன்று. வாய்ப்பேச்சில் கேட்பவனுக்குத்தான் கற்பனை அதிகம்; சொன்னவன் தலையை ஆட்டியிருந்தாலே போதும், கேட்டவன் மாடி வரைக்கும் கட்டிவிடுவான்.

1640 பிப்ரவரியில் டேயும் அவருடைய மேலதிகாரி ஆண்ட்ரூ கோகனும் 'ஈகிள்', 'யூனிட்டி' என்ற கப்பல்களில் வந்து இறங்கினார்கள். கூடவே கொஞ்சம் சிப்பாய்கள், வெடிமருந்து செய்கிற நாகபத்தன், துபாஷி பேரி திம்மண்ணா. இறங்கியதும் எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். மணல் இருந்தது. கடல் இருந்தது. நாயக்கர் பணம்தான் இல்லை.

வந்த கப்பலைத் திருப்பவும் முடியாது. கம்பெனிக் காசிலேயே வேலையை ஆரம்பித்தார்கள். ஏப்ரல் 23, செயின்ட் ஜார்ஜ் திருநாள் அன்று, எழும்பியவரைக்கும் எழும்பியதற்கு அவர் பெயரையே சூட்டிவிட்டார்கள். சுவர் முடியாத வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் பண்ணுகிற வழக்கம் தாம்பரத்துக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? முழுக்கோட்டை முடிய 1653 ஆனது.

செலவுக் கணக்கு மேலிடத்துக்குப் போனதும் வெடித்தது. யார் கூப்பிட்டாரோ அந்த நாயக்கரே மொத்தச் செலவையும் தரட்டும், எங்களுக்கு ஒரு காசு சம்பந்தமில்லை என்று பதில் வந்தது. இங்கே உட்கார்ந்திருந்தவர்கள் நிலைமையை யோசியுங்கள். நீங்கள் கோபப்படுவதை நினைத்தால் நெஞ்சே உடைகிறது, ஆனால் கட்டியதை இனி கட்டாததாக ஆக்கவும் முடியாது என்ற பொருளில் 1642-ல் உருகி உருகி எழுதினார்கள். டே ஒரு கட்டத்தில் ரோஷம் தாங்காமல், கோட்டைச் செலவுக்கான வட்டியைத் தானே கட்டுவதாகக்கூட முன்வந்தார். அதையும் வாயால்தான் சொன்னாரா என்று பக்கத்தில் இருந்தவர்கள் கவலைப்பட்டிருப்பார்கள்.

மூலப் பத்திரம் என்ன ஆயிற்று? அங்கேதான் கதை தாம்பரம் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலுக்கே வந்து நிற்கிறது. நாயக்கர் சாசனம் தங்கத் தகட்டில் எழுதப்பட்டிருந்தது, 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தபோது தொலைந்துபோனது என்று ஒரு கதை உண்டு. தங்கத் தகடு நிஜமோ பொய்யோ, "தாய்ப் பத்திரம் காணோம் சார்" என்ற வசனத்துக்கு இவ்வளவு பழைய பரம்பரை இருக்கிறது.

கொடுப்பதென்றால் எப்படிக் கொடுக்கவேண்டும் என்று தெரிந்த மனிதரும் இதே பக்கம் இருந்தார். கோஜா பெத்ரூஸ் உஸ்கான், ஆர்மீனிய வியாபாரி. பரங்கிமலைக்குப் படிக்கட்டு அமைத்தவர். 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாறு மேல் பாலம் கட்ட 30,000 வராகன் கொடுத்தார். அதோடு விட்டாரா? பராமரிப்புக்கு என்று தனியாக 1,500 வராகன் எடுத்து வைத்தார். மெயின்டனன்ஸ் டெபாசிட்! 1751-ல் இறந்தபோது உடல் சென்னையில், இதயம் மட்டும் பெட்டியில் சொந்த ஊரான ஜூல்ஃபாவுக்கு என்று தன்னையே பாகப்பிரிவினை செய்துவிட்டுப் போனார். பங்காளிகளுக்கு வேலையே வைக்கவில்லை. ஆனாலும் பாருங்கள், பழைய பாலம் போய் 1960-களில் புதுப்பாலம் வந்தபோது அதற்குப் பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலை அடிகள் பெயரை வைத்துவிட்டார்கள். உஸ்கானுக்கு ஓரமாக ஒரு கல்வெட்டு மிச்சம்.

வாய்ப்பேச்சில் சூடுபட்ட வெள்ளைக்காரர்கள் பிற்பாடு உஷாராகிவிட்டார்கள். 1882-ல் சொத்துரிமை மாற்றுச் சட்டம் வந்தது. அசையாச் சொத்தைத் தானம் கொடுத்தால் பத்திரம் பதிவாகவேண்டும், சாட்சி இரண்டு பேர் வேண்டும்; யானை தேவையில்லை. அதே வருஷம் வழிப் பாத்தியதைக்கும் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதில்தான் வேடிக்கை. நீங்கள் நல்ல பிள்ளையாகப் போய் "சார், உங்க சந்து வழியா போய்க்கலாமா?" என்று கேட்டு, அவரும் சரி என்று சொல்லி, முப்பது வருஷம் நடந்தாலும் அது வெறும் சலுகை. நாளைக்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அனுமதியே கேட்காமல், பகிரங்கமாக, என் வழி இது என்று விறைப்பாக 20 வருஷம் தடையில்லாமல் நடந்தவனுக்கு அது உரிமை! நூறு வருஷத்துக்கு மேலாக நம்முடைய தெருக்களில் மரியாதை தெரிந்தவன்தான் கேஸில் தோற்றுக்கொண்டிருக்கிறான்.

நாயக்கருக்கு என்னதான் கிடைத்தது? குதிரை வந்ததா, கிளி பேசியதா என்பதை விடுங்கள். அப்பா சென்னப்ப நாயக்கர் பெயரால் ஊர் விளங்கவேண்டும் என்ற ஆசை இருந்தது. சென்னப்பட்டினம் என்று ஜனங்கள் சொன்னார்கள். கம்பெனி மட்டும் மதராஸ் மதராஸ் என்றே எழுதிக்கொண்டிருந்தது. 1996-ல் தமிழக அரசு ஊரின் பெயரைச் சென்னை என்று அதிகாரபூர்வமாக மாற்றியது. 357 வருஷம் கழித்து ஒரு ஷரத்து நிறைவேறியது. அதிலும் "அது சென்னப்ப நாயக்கர் இல்லை, சென்னகேசவப் பெருமாள்" என்று ஒரு கட்சி பாத்தியதை கொண்டாடுகிறது.

நாயக்கராவது பரவாயில்லை. அவருக்கும் மேலே விஜயநகரத்து ஸ்ரீரங்கராயர் என்று ஒரு பெரிய ஓனர் இருந்தார். 1645-ல் அவர் தன் பங்குக்கு அதே இடத்தை அதே கம்பெனிக்கு மறுபடி தானம் செய்து, பத்திரத்தில் ஊர்ப்பெயரை ஸ்ரீரங்கராயபட்டினம் என்று போட்டுக்கொண்டார். தாம்பரம் ஸ்டேஷன் கவுண்டரில் போய் அந்த ஊருக்கு ஒரு டிக்கெட் கேட்டுப் பாருங்கள்.