ஓட்டுப் போட்டா விமானம் வருமா மருமகனே?

வாங்க மருமகனே, இப்படித் திண்ணையில உக்காருங்க. கயத்தாறு பழைய விமானத் தளத்தைத் திறக்கலாமா வேண்டாமான்னு சனங்ககிட்ட ஓட்டெடுப்பு நடத்தணும்னு ராஜபாளையம் பூராவும் கையெழுத்து வாங்குறீகளாமே. ரொம்ப நல்லது. பேங்குக்காரன் கேட்டாப் போடாதவன்கூட உங்களுக்குப் போட்டிருப்பான். காசா பணமா?

மதுரை ஒரு பக்கம், வாகைக்குளம் இன்னொரு பக்கம். நடுவுல கயத்தாறும் வேணும்கிறீக. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா சூடு ஆறாம துபாய் போகும்னு வேற சொல்லித் திரியிறீக. பால்கோவாவை ஆறவிட்டுத்தான் திங்கணும், அது கிடக்கட்டும்.

அந்தத் தளம் ரெண்டாம் உலகப் போர்ல வெள்ளைக்காரன் போட்டது. சண்டை முடிஞ்சதும் மூட்டையைக் கட்டிட்டான். சோழவரத்துல இதே மாதிரி கிடந்த ஓடுதளத்துல கார் பந்தயமாச்சும் விட்டாக. கயத்தாறுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்ல, அக்கம்பக்கம் பூரா காத்தாலைதான். விமானம் இறங்குறப்போ றெக்கையை மடக்கிக்கச் சொல்லுவீகளோ என்னவோ.

அமெரிக்காவுல ஓட்டெடுப்பு நடத்துனாகளேங்கிறீக. நடத்துனாக, நானும் கேள்விப்பட்டேன். கலிபோர்னியாவுல ஆரஞ்சு கவுண்டின்னு ஒரு மாவட்டம். அங்க எல் டோரோன்னு மரைன் படையோட விமானத் தளம், 4,700 ஏக்கர். அதை மூடப் போறாகன்னு தெரிஞ்சதும் 1994-ல ஓட்டெடுப்பு. விமான நிலையம் வேணும்னு நூத்துக்கு 51 பேரு சொல்லிட்டாக. வேணும்னு முன்னால நின்னது ஆருன்னு நினைக்கிறீக? நியூபோர்ட் பீச்சுன்னு கடலோரத்துப் பணக்கார ஊரு. ஏற்கெனவே இருக்கிற ஜான் வெய்ன் விமான நிலையத்துச் சத்தம் அவுக கூரைக்கு மேல போகுது. அது எல் டோரோக்காரன் கூரைக்கு மேல போகட்டுமேன்னு தாராள மனசு.

எல் டோரோவைச் சுத்தி இருந்தவுக விடுவாகளா? 1996-ல மறுபடி ஓட்டு, தோத்தாக. 2000-ல இன்னொண்ணு, செயிச்சாக. அதைக் கோர்ட்டு செல்லாதுன்னுருச்சு. 2002-ல நாலாவது. இந்தத் தடவை புத்தி வந்துருச்சு. விமானம் வேண்டாம்னு முகத்துக்கு நேரா கேக்காம, 'மத்தியப் பூங்கா, இயற்கைக் காப்பகம்'னு பேரு வச்சுக் கேட்டாக. பூங்கா வேண்டாம்னு எவன் சொல்லுவான்? நூத்துக்கு 58 ஓட்டு. விமான நிலையம் ஒழிஞ்சது. அப்புறம் 2005-ல கடற்படை நிலத்தை ஏலம் விட்டுச்சு. வீடு கட்டி விக்கிற லென்னார் கம்பெனி 65 கோடி டாலருக்கு எடுத்துச்சு. பூங்காவும் வந்தது, ஆரஞ்சு நிறத்துல பெரிய பலூன் ஒண்ணும் பறந்துச்சு. கூடவே வீடு, வீடு, வீடுதான். நாலு ஓட்டுச் சீட்டுலயும் எந்தக் கம்பெனிக்கு விக்கலாம்னு ஒரு கேள்வியும் இல்ல.

ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் இழுக்க வருவீகள்ல? வடம் பிடிக்கிறது ஆயிரம் பேரு. தொண்டை கிழியக் கத்துறதும் அவுகதான். தேர் எந்த வீதிக்குத் திரும்பணுங்கிறதைச் சக்கரத்துக்குக் கீழ குனிஞ்சு முட்டுக்கட்டை கொடுக்கிற ஆளு முடிவு பண்ணுவாரு. ஓட்டெடுப்புல கேள்வி எழுதுறவரு அந்த ஆளு. நீங்க வடத்துப் பக்கம் நின்னு செல்பி எடுக்கிறீக.

நம்ம நாட்டுச் சட்டத்துல இந்த மாதிரி ஓட்டெடுப்புக்கு வழி இல்ல, கிராம சபைதான். வருசத்துக்கு ஆறு தடவை கூடும். அதுலயும் உங்க ராசியைப் பாருங்க: ராஜபாளையம் நகராட்சி, கயத்தாறு பேரூராட்சி. ரெண்டுக்கும் கிராம சபை கிடையாது! இருக்கிற ஊர்க்காரக மட்டும் என்ன வாழுது? பரந்தூர் விமான நிலையம் வேண்டாம்னு ஏகனாபுரத்துக்காரக 2022-லருந்து தீர்மானத்துக்கு மேல தீர்மானம் போட்டாக. 2024 தேர்தல்ல ஓட்டே போடாம இருந்து பாத்தாக. மறு வருசம் டெல்லி கொள்கை அளவுல ஒப்புதல் கொடுத்துருச்சு. அரிட்டாபட்டிக்காரகளும் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம்னு தீர்மானம் போட்டாக. ஆனா நோட்டை மூடி வச்சுட்டு வீட்டுக்குப் போயிரல, சனத்தோட சனமா மதுரைக்கு நடந்தாக. 2025 சனவரியில ஏலம் ரத்து.

அதனால ஓட்டு வேணும்னு கேக்குறதுக்கு முன்னால கேள்வியை எழுதிக் காட்டச் சொல்லுங்க. தீர்மான நோட்டை வெறும் பக்கமா நீட்டுனா கையெழுத்துப் போட்டுராதீக, 'பெறகு எழுதிக்கிறோம்'பாக. பெறகு அவுக எழுதுறது உங்களுக்கு எங்க தெரியப் போகுது? அப்படியே சார்பதிவாளர் ஆபீசுப் பக்கம் போய், கயத்தாறைச் சுத்திப் புதுசா நிலம் கிரயம் பண்ணுறது ஆருன்னு விசாரிச்சுட்டு வாங்க. சிவகாசியில நாலு கலர்ல உங்களுக்கு ஓசியில நோட்டீசு அடிச்சுக் கொடுத்தாரே ஒரு புண்ணியவான், அவரு பேரு அதுல இருந்தா எங்கிட்ட வந்து சொல்ல வேண்டாம். எனக்குப் போன மாசமே தெரியும்.